கிசுமு போகிறோம்: அங்கே பிள்ளைகள் இல்லத்துக்கு என்ன வாங்கிப் போகலாம்?

கெடிலக்கரையான் | 14 அக்டோபர் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது நானே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பன் பதினோரு வருடமாகக் கென்யாவில் இருக்கிறான். கிசுமுவுக்குக் கிழக்கே, கரும்பு விளையும் பக்கம், ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை. (எங்கள் கடலூர்ப் பக்கம் ஆலையில் வேலை கற்றவர்கள் ஆப்பிரிக்கா போவது சாதாரணம். தெருவுக்கு ஒருவர் உகாண்டாவிலோ தான்சானியாவிலோ இருப்பார்.) வருடா வருடம் "வாடா, வாடா" என்பான். இந்த டிசம்பரில்தான் கூடி வந்திருக்கிறது. நான், மனைவி, ஒன்பது வயது மகள், மூன்று வாரம்.

நண்பனின் மனைவி போனில் ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று இருக்கிறதாம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒரு நாள் அழைத்துப் போவார்களாம். பிள்ளைகள் பாடுவார்கள், ஆடுவார்கள், நாம் சாப்பாடு போட்டுவிட்டு வரலாம். மகளுக்கும் நாலு விஷயம் புரியும் என்று எனக்குப் பட்டது.

நாற்பது பிள்ளைகள் என்றார். என்ன வாங்கிப் போவது? துணியா, விளையாட்டுச் சாமானா, நோட்டு பேனாவா? அரை நாள் அவர்களோடு எப்படிப் பொழுதைக் கழிப்பது? ஊசி, விசா விவரமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைரோபி_மாமி | 14 அக்டோபர் 2024, இரவு 11.15

வாங்க தம்பி. பதினெட்டு வருடமாக நைரோபியில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

விசா இப்போது கிடையாது. இந்த ஜனவரியிலிருந்து இணையத்தில் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) எடுக்க வேண்டும், குழந்தைக்கும் தனியாக. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள், முன்பதிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அது இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் தனியாக உட்கார வைத்துவிட முடியும். கிசுமு விக்டோரியா ஏரிப் பக்கம், மலேரியா உண்டு. டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகாரம் எல்லாம் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவாருங்கள். 2017 ஆகஸ்டிலிருந்து இங்கே பிளாஸ்டிக் கேரி பேக் தடை, அபராதம் கேட்டால் மயக்கம் வரும். என் மாமியார் முதல் தடவை வந்தபோது முறுக்கு ஒரு கவர், அந்தக் கவருக்கு ஒரு கவர், அதற்கு மேல் முடிச்சுப் போட்ட ஒரு கவர் என்று இறங்கினார். விமான நிலையத்தில் அத்தனையையும் உருவி எடுத்துவிட்டு முறுக்கை மட்டும் கையில் கொடுத்தார்கள். புடவைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

இல்லம் விஷயம். டிசம்பரில் போனால் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். பள்ளி அக்டோபர் கடைசியில் மூடி ஜனவரியில்தான் திறக்கும். லீவுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள்.

கெடிலக்கரையான் | 15 அக்டோபர் 2024, காலை 6.55

நன்றி அக்கா. ஆனால் ஊருக்கா? அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் என்றுதானே சொன்னார்கள்?

நைரோபி_மாமி | 15 அக்டோபர் 2024, காலை 7.20

அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

காயல்_காக்கா | 15 அக்டோபர் 2024, காலை 10.05

மொம்பாசாவில் ஆறு வருடம் கடை வைத்திருந்தேன். சுவாஹிலியில் இந்தப் பிள்ளைகளுக்கு "யதீமா" என்று பெயர். எங்கள் ஊரில் எத்தீம் என்போமே, அதே அரபுச் சொல்தான். ஆனால் எத்தீம் என்றால் தகப்பன் இறந்த பிள்ளை. தாய் இருந்தாலும் எத்தீம்தான். தமிழில் அனாதை என்று சொல்லும்போது யாருமே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஐ.நா. கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. யுனிசெஃப் 2015-இல் உலகம் முழுக்க 14 கோடி என்று சொன்னது, தாய் தகப்பன் இருவரில் ஒருவரையாவது இழந்த பிள்ளைகளை எல்லாம் சேர்த்து. இரண்டு பேரையும் இழந்தவர்கள் அதில் ஒன்றரைக் கோடி. அவர்களிலும் மிகப் பெரும்பாலானவர்கள் பாட்டி, பெரியம்மா, மாமன் வீட்டில்தான் வளர்கிறார்கள். இல்லத்தில் அல்ல.

ராஜா_திருப்பூர் | 15 அக்டோபர் 2024, பகல் 1.30

ஒரு மனிதர் நல்ல காரியம் செய்ய வழி கேட்டால் அகராதி பாடம் எடுக்கிறீர்களே!

நான் 2019-இல் தான்சானியா போனபோது அருஷா பக்கம் ஒரு இல்லத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். வண்டி நின்றதும் இருபது குழந்தைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பையன் என் மடியை விட்டு இறங்கவே இல்லை. கிளம்பும்போது அவனும் அழுதான், நானும் அழுதேன். இன்று வரை மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அன்றைக்கு அந்தக் குழந்தைகள் சந்தோஷமாக இருந்தது பொய்யா?

கெடிலக்கரையான், நீங்கள் போங்கள். கிரிக்கெட் பந்து, பலூன், நோட்டு, ஸ்கெட்ச் பேனா. நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி வாங்குங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும்.

செவிலி | 15 அக்டோபர் 2024, இரவு 8.45

குழந்தைகள் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன், கோவை. ராஜா சார், நீங்கள் மனம் நொந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் உங்கள் மூன்று வயதுப் பேரன் என்ன செய்வான்? அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பான். பிஸ்கட் காட்டினாலும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். முன்பின் தெரியாத ஆள் வந்து இறங்கியதும் ஓடி வந்து மடியில் ஏறுகிற குழந்தையைப் பார்த்தால் எங்களுக்குக் கவலை வரும். தனக்கென்று ஒருவர் நிலையாக இல்லாத குழந்தை, வருகிறவர் எல்லோரிடமும் ஒட்டப் பார்க்கும். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்தில் 2000-இல் தொடங்கி, இல்லத்தில் இருந்த 136 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பேச்சு, அறிவு, ஒட்டுதல் எல்லாவற்றிலும் தேறினார்கள். எவ்வளவு சிறு வயதில் போனார்களோ அவ்வளவு நல்லது.

அந்தப் பையன் அழுதது உண்மை. அடுத்த வாரம் வந்தவர் கிளம்பியபோதும் அவன் அழுதிருப்பான்.

ராஜா_திருப்பூர் | 15 அக்டோபர் 2024, இரவு 9.10

அப்படியென்றால் யாருமே போகாமல் இருந்தால் அவனுக்கு நல்லதா? என்ன நியாயம் இது.

இல்லத்துப்பிள்ளை | 16 அக்டோபர் 2024, அதிகாலை 12.50

ஆப்பிரிக்கா எனக்குத் தெரியாது. ஆனால் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை தமிழ்நாட்டில் ஒரு இல்லத்தில் வளர்ந்தேன். எது என்று வேண்டாம், இன்னும் நடக்கிறது. கெட்ட இடமும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பிறந்தநாள் சாப்பாடு. சில ஞாயிறு இரண்டு பிறந்தநாள் வரும். பன்னிரண்டரைக்குக் கை கழுவி, விரிப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட வேண்டும். வருகிறவர்கள் ஒன்றே முக்காலுக்கு வருவார்கள், போக்குவரத்து நெரிசல் என்று. சாம்பார் ஆறி மேலே ஆடை கட்டியிருக்கும். பிரேயர் பாட்டு, அப்புறம் யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்கு ஹேப்பி பர்த்டே. பெரியவர் ஒருவர் தட்டை என் கையில் கொடுப்பார். அவரும் விட மாட்டார், நானும் விடக் கூடாது, போட்டோ எடுத்து முடிக்கும் வரை. சில நேரம் "சிரிடா தம்பி" என்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை வீட்டு ஆல்பத்தில் நான் இருக்கிறேனோ, தெரியாது. என் பிறந்தநாள், சான்றிதழில் ஜூன் 1. எங்கள் அறையில் ஒன்பது பேருக்கு ஜூன் 1-தான். பள்ளியில் சேர்த்தபோது போட்டது.

வந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கேசரி நன்றாகவே இருக்கும்.

எனக்கு மனதில் நிற்கிறவர் ஒரு பேங்க் கிளார்க். இரண்டாம் சனிக்கிழமை வருவார். ஒன்றும் கொண்டுவர மாட்டார், மிட்டாய்கூட. கணக்குச் சொல்லித் தருவார், நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஆறு வருடம் அப்படி வந்தார். பாலிடெக்னிக் சேரும்போது காப்பாளர் கையெழுத்து கேட்டார்கள், அவர்தான் போட்டார். ராஜா அண்ணா கேட்டதற்கு இதுதான் என் பதில். யாரும் வராமல் இருப்பது நல்லதல்ல. ஒரே ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால் போதும்.

கிகாலி_வாத்தியார் | 16 அக்டோபர் 2024, காலை 9.30

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போகவே மனம் வரவில்லை.

ருவாண்டாவில் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். 1994 இனப்படுகொலைக்குப் பின் இங்கே இல்லங்கள் பிள்ளைகளால் நிரம்பின, அது தவிர்க்க முடியாதது. ஆனால் 2012-இல் அரசாங்கம் கணக்கெடுத்தபோது முப்பத்துமூன்று இல்லங்களில் மூவாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் இருந்தார்கள். படுகொலை முடிந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டதே, இவர்கள் யார்? பெரும்பாலோருக்கு வீடு இருந்தது, உறவு இருந்தது. வறுமைதான் அவர்களை அனுப்பியது. "குடும்பத்தில் வளர்ப்போம்" என்ற பெயரில் ஒரு திட்டம் போட்டு ஒவ்வொரு பிள்ளையாக அனுப்பினார்கள். உறவே இல்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பெற்றோர் பிடித்தார்கள். இவர்களுக்கு இங்கே "மலாயிக்கா முரின்சி" என்று பெயர், காவல் தேவதை. என் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அப்படித்தான் ஒரு பையனை வளர்க்கிறார். அவன் எங்கள் மாமரத்தில் ஏறாத நாள் இல்லை. இந்தத் தேவதையிடம் தினம் திட்டு வாங்குகிறான்.

கென்யாவிலும் 2017 கடைசியில் புது இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தினார்கள். 2022-இல் புதுச் சிறார் சட்டம், அதோடு 2032 வரை பத்து வருடத் திட்டம். இல்லங்களைக் குறைத்துப் பிள்ளைகளைக் குடும்பத்துக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே இந்த இல்லச் சுற்றுலா பிள்ளைகளுக்குக் கேடு என்று தீர்மானத்தில் எழுதியது. சில இடங்களில் வெளிநாட்டு ஆட்கள் வந்து போவதால்தான் இல்லமே நடக்கிறது, படுக்கை காலியாக இருந்தால் பணம் வராது என்பதற்காகப் பெற்றோர் இருக்கிற பிள்ளையையும் கேட்டு வாங்கி வைக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் இதைத் தன் நவீன அடிமைமுறைச் சட்ட விவாதத்தில் பேசியது.

ராஜா_திருப்பூர் | 16 அக்டோபர் 2024, பகல் 12.15

சரி. நான் அனுப்புகிற பணத்தை நிறுத்தவா? அதைச் சொல்லுங்கள்.

கிகாலி_வாத்தியார் | 16 அக்டோபர் 2024, பகல் 12.40

நிறுத்தாதீர்கள் ராஜா, இந்த மாதம் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கேளுங்கள்: போன வருடம் எத்தனை பிள்ளைகளைக் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பினீர்கள், அவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்? நல்ல இல்லம் என்றால் ஒரு பக்கத்துக்குப் பதில் வரும். புது போட்டோ மட்டும் வந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மட்டுறுத்துநர் | 16 அக்டோபர் 2024, மாலை 5.00

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மதமாற்ற விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். சஃபாரி விளம்பரம் போட்டவருக்கு இது கடைசி எச்சரிக்கை.

கெடிலக்கரையான் | 18 அக்டோபர் 2024, இரவு 10.20

இரண்டு நாள் இதை மனைவியோடு பேசிக்கொண்டே இருந்தேன். நண்பனிடமும் சொன்னேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது என்று போனிலேயே தெரிந்தது. "நாங்கள் ஆறு வருடமாகப் போகிறோம், தப்பு செய்கிறோமா?" என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் முறுக்குப் பேச்சுக்கு மாறிவிட்டேன்.

நைரோபி_மாமி | 18 அக்டோபர் 2024, இரவு 10.50

அவர் அங்கேயே இருப்பவர், ஆறு வருடமாகப் போகிறவர், அவர் கணக்கு வேறு தம்பி. அந்தக் கிளார்க் மாதிரி. உங்கள் கணக்கு மூன்று வாரம். நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாக வாருங்கள். அவர்களுக்குத் தெரிந்தவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போங்கள். எந்தத் தெருவில் நடந்தாலும் பேரப் பிள்ளைகளை வளர்க்கிற கிழவி ஒருத்தி இருப்பாள். அந்த ஏரிப் பக்கம் எச்.ஐ.வி. போட்டு உலுக்கிய பக்கம். 2003, 2004-இல் மருந்து பரவலாக வருவதற்குள் நடு வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அப்போது பேரன்களை வளர்த்த கைகள் இப்போது கொள்ளுப் பேரன்களை வளர்க்கின்றன.

சுவாஹிலியில் ஒன்று சொல்வார்கள்: விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. நம் ஊர் விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான், ஆனால் இவர்கள் துரத்தாமல் வேலை கொடுக்கிறார்கள்.

கெடிலக்கரையான் | 11 ஜனவரி 2025, இரவு 8.30

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்துக்குப் போனேன். ஆனால் விருந்து போட அல்ல. நண்பனின் மனைவி ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டதால், நேரில் போய் விளக்குவதுதான் மரியாதை என்று அலுவலக அறையில் மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். மேட்ரன் அம்மா நாற்பத்தைந்து வயதிருக்கும், களைத்த முகம். மாமி சொன்னது அப்படியே: நாற்பத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேர் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். மீதி ஏழு பேர். அந்த ஏழு பேருக்குத்தான் உண்மையிலேயே போக இடம் இல்லை. இரண்டு பேருக்கு நடக்க முடியாது. இல்லத்தை எல்லாம் மூடிவிட வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இந்த ஏழு பேரையும் எண்ண வேண்டும் என்று தோன்றியது. மேட்ரனும் அதையேதான் சொன்னார், "முப்பத்துநான்கு பேரின் பாட்டிகளுக்குப் பள்ளிக் கட்டணமும் சோளமும் கிடைத்தால் நான் இந்த ஏழு பேரை ஒழுங்காகப் பார்ப்பேன்" என்று.

கிளம்பும்போது வாசலில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செவிலி எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழந்தை மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் பிடித்திருந்தது.

அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. நண்பனின் ஆலையில் காவலாளி ஒருவர், அவருடைய அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார். லுவோ இனத்து மக்கள். வெயிலில் வறண்ட செம்மண் பாதை, இரண்டு பக்கமும் கரும்பு, நம் நெல்லிக்குப்பம் மாதிரியே வாசனை. மண் சுவர், மேலே தகரக் கூரை, சுற்றிலும் உயிர்வேலி. வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் சிமெண்ட் பூசிய சமாதிகள் மூன்று. ஒரு மகன், அவன் மனைவி, இன்னொரு மகன். லுவோக்கள் இறந்தவரை வீட்டு வளாகத்திலேயே புதைப்பார்கள். அந்தச் சமாதி மேலேதான் சோளத்தைக் காயப் போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பையன் கால் ஆட்டிக்கொண்டிருந்தான். அது அவன் அப்பாவுடையது. முதலில் எனக்குப் பகீர் என்றது. கொஞ்ச நேரத்தில் அது அவன் திண்ணை என்று புரிந்துவிட்டது.

பாட்டிக்கு எழுபதுக்கு மேல். ஐந்து பேரப் பிள்ளைகள். அதில் இரண்டு பேர், அக்கா தம்பி, பள்ளி நாட்களில் அதே இல்லத்தில் இருப்பவர்கள்! நண்பனின் மனைவிக்கே அப்போதுதான் தெரியும். ஆறு வருடமாக அவர் சாப்பாடு பரிமாறிய பிள்ளைகள். அந்தப் பெண் "ஆண்ட்டி" என்று ஓடி வந்தபோது அவர் அப்படியே நின்றுவிட்டார். தகப்பன் இல்லை, அம்மா நைரோபியில் யார் வீட்டிலோ வேலை செய்கிறாள், மாதம் ஏதோ அனுப்புகிறாள். காயல் காக்கா சொன்ன எத்தீம்.

முதல் நாள் எங்களுக்கு நாற்காலி போட்டுப் பால் டீயும் மண்டாசியும் (இனிப்பு போண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்) கொடுத்தார்கள். இரண்டாம் தடவை போனபோது உகாலி (சோள மாவுக் களி), சுக்குமா கீரை, ஒமேனா. ஒமேனா என்பது ஏரியில் பிடிக்கிற பொடி மீன், காயவைத்து, தக்காளி போட்டு வதக்குவார்கள். நெத்திலிக் கருவாட்டை மறந்திருந்த என் மனைவி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் தடவை போனோம். மாமி, சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டி மண்வெட்டி தரவில்லை, ஒரு சாக்கு சோளக் கதிரைக் காலடியில் கொட்டினார். எல்லோரும் உட்கார்ந்து உதிர்த்தோம். என் கட்டைவிரலில் தோல் போய்விட்டது. பாட்டி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, வளாகமே சிரித்தது. காவலாளி மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

மகளுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் மொழி தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் மரத்தடியில் அஜுவா ஆடிக்கொண்டிருந்தார். தரையில் இரண்டு வரிசைக் குழி, விதைகள். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு "அப்பா, பல்லாங்குழி!" என்று கத்தினாள். குழிகள் நம்முடையதைவிட அதிகம், எடுக்கிற முறையும் வேறு. எங்கள் அம்மாவிடம் ஆடிப் பழகியவள், அரை மணியில் பிடித்துக்கொண்டாள். தாத்தாவிடம் ஏழு ஆட்டம் தோற்றாள். எட்டாவது ஆட்டம் அவர் விட்டுக்கொடுத்தாரா இவள் ஜெயித்தாளா என்று இன்னும் வீட்டில் வாக்குவாதம்.

பாட்டி அவள் எப்போது பிறந்தாள் என்று கேட்டார். நேரத்தையும் பருவத்தையும் வைத்துப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். கடலூரில் நவம்பர் மழையில், ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீரில் பிறந்தவள் என்றேன். "அகோத்" என்றார். மழையில் பிறந்த பெண். இப்போது வீட்டில் நாங்கள் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அகோத் என்றால்தான் திரும்புகிறாள்.

கடைசி நாள், அந்த அக்கா தம்பி இரண்டு பேரும் வீட்டிலிருந்தே படிக்க நாங்கள் உதவட்டுமா என்று கேட்டேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஒளிக்கவில்லை. பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. சோளத்தை முறத்தில் புடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "நீ நாளைக்குப் போய்விடுவாய். பள்ளி ஒவ்வொரு ஜனவரியும் திறக்கும்."

நண்பன்தான் வாயைத் திறந்தான். "நான் இங்கேதானே இருக்கிறேன்" என்றான்.

செவிலி | 11 ஜனவரி 2025, இரவு 9.15

போட்டோ ஒன்றும் போடாததற்கு நன்றி. நம் ஊர் இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லத்துப் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் தண்டனையே உண்டு. வெளிநாடு போனதும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

ராஜா_திருப்பூர் | 11 ஜனவரி 2025, இரவு 10.05

நான் அந்தக் கேள்வியை நவம்பரில் எழுதிக் கேட்டேன். பத்து போட்டோ வந்தது. திரும்பவும் கேட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அந்தப் பையன் என் மடியில் உட்கார்ந்த படத்தை ஹாலிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது என்று மனைவி சொன்ன பிறகுதான் உறைத்தது.

நைரோபி_மாமி | 12 ஜனவரி 2025, காலை 7.40

பணம் எப்படிப் போகிறது? யார் கையில் கொடுக்கிறீர்கள்?

கெடிலக்கரையான் | 12 ஜனவரி 2025, காலை 8.30

நான் நண்பனுக்கு அனுப்புகிறேன். அவன் எம்-பெசாவில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் முறை) நேராகப் பள்ளிக் கணக்குக்குக் கட்டுகிறான், ரசீது போனில் வருகிறது. அதோடு, அநாதரவான பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கு அரசாங்கம் மாதம் 2000 ஷில்லிங் தருகிற திட்டம் ஒன்று அங்கே 2004-இலிருந்தே இருக்கிறதாம், நம் கணக்கில் 1300 ரூபாய் சொச்சம். பாட்டி அதில் பதிந்திருக்கவில்லை. நண்பனின் மனைவி காவலாளியோடு அலுவலகத்துக்கு இரண்டு நடை போய்வந்துவிட்டார். நான் மூன்று வாரத்தில் செய்திருக்கவே முடியாத வேலை இதுதான்.

ஆறாம் தேதி பள்ளி திறந்தது. தம்பி பாட்டி வீட்டிலிருந்தே போகிறான். அக்கா இல்லத்துக்கே திரும்பிவிட்டாள், அவளாகத்தான் சொன்னாள். எட்டாம் வகுப்பு, அவள் பள்ளி இல்லத்துக்குப் பக்கத்தில், பாட்டி வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் நடை. சைக்கிள் வாங்கித் தரட்டுமா என்று கேட்டோம். கரும்புக் காட்டுப் பாதையில் பெண் பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். ஏப்ரல் லீவில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

இல்லத்துப்பிள்ளை | 12 ஜனவரி 2025, இரவு 11.30

வாசலில் கையைப் பிடித்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு உங்கள் மகள் ஏதாவது கொடுத்தாளா?

கெடிலக்கரையான் | 13 ஜனவரி 2025, காலை 6.40

தலையிலிருந்து ஒரு ஹேர் கிளிப்பைக் கழற்றி அதன் கையில் வைத்தாள். ஜோடியில் மற்றதையும் கழற்றப் போனாள். மேட்ரன் வந்து அந்த ஒன்றையும் மெதுவாக வாங்கி மகளின் தலையிலேயே திரும்ப மாட்டிவிட்டார். "இங்கே ஏழு பேர் இருக்கிறார்கள்" என்றார்.

மகள் வண்டியில் ரொம்ப நேரம் பேசவில்லை. அன்று இரவு நண்பன் வீட்டில் உட்கார்ந்து ஏழு பேரின் பெயரையும் நோட்டில் எழுதித் தரச் சொல்லி அத்தையைத் தொந்தரவு செய்தாள். மூன்று பெயர்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மீதி நாலு பெயரை அடுத்த ஞாயிறு போய்க் கேட்டு எழுதி அனுப்பினார். நோட்டு இப்போது மகளின் பள்ளிப் பையில் இருக்கிறது.

இல்லத்துப்பிள்ளை | 13 ஜனவரி 2025, காலை 6.55

பிறந்த தேதியும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழையா வெயிலா என்றாவது.